சின்னது ஸ்டீல், பெரியது காஸ்டிங்

தென்காசியில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் கடைக்காரர்களுக்குப் பாதி நாள்தான் வியாபாரம். காலையில் ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்குப் பத்தி கொளுத்தி, துண்டையும் எண்ணெய்க் குப்பியையும் வண்டியில் மாட்டிக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். ஐந்தருவியில் கூட்டமாக இருந்தால் பழைய குற்றாலம் போவார். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து, தலை மரத்துப்போகும்வரை அருவியில் நின்று, அங்கேயே சூடாக ஏதாவது தின்றுவிட்டு வர மணி பதினொன்றாகிவிடும். ஜூனில் ஆரம்பித்தால் ஆகஸ்ட் முடிய இதேதான். அதுவரைக்கும் கடை என் பொறுப்பு.

பொறுப்பு என்பது பேச்சுக்குத்தான். எங்கள் கடையில் பேரிங், பெல்ட், செயின், அந்தச் செயின் ஓடுகிற பல்சக்கரம், அதாவது ஸ்ப்ராக்கெட், இதெல்லாம் விற்கிறோம். அரிசி மில்காரர், மரம் அறுக்கிற மில்காரர், செங்கல் சூளைக்காரர் என்று எல்லாரும் வருவார்கள். வந்தவர் கண் முதலில் என்மேல் படும். பட்ட வேகத்திலேயே என்னைத் தாண்டி உள்ளே போகும். "மதினி, அண்ணாச்சி இல்லையா?" என்பார்கள். குளிக்கப் போயிருக்கிறார், என்ன வேண்டும் என்று கேட்டால், அண்ணாச்சி வரட்டும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சீசன் சமயத்தில் பத்து மணிக்கெல்லாம் எங்கள் கடை டாக்டர் வீட்டு வாசல் மாதிரி இருக்கும்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவள். எங்கள் வகுப்பில் பெண்பிள்ளைகள் இரண்டே பேர். பெண் பார்க்க வந்தபோது என் மாமனார் அதை ஒரு தகுதியாகவே எடுத்துக்கொண்டார். "கடைக்கு ஆகும்" என்றார். சம்பளம் இல்லாத ஆள் எந்தக் கடைக்குத்தான் ஆகாது. அவர் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் பி.காம். சேர்ந்து இரண்டாம் வருஷத்தோடு நிறுத்தியவர். நல்ல நிறம், நல்ல குரல். கல்லாவில் உட்கார்ந்தால் முதலாளிக் களை தானாக வந்துவிடும். ஒரு ஸ்ப்ராக்கெட்டைக் கையில் கொடுத்தால் எந்த மிஷினுக்கு ஆகும் என்று தெரியாமல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். ஆனால் திருப்பிப் பார்க்கிற தோரணையிலேயே எதிரே நிற்பவருக்கு நம்பிக்கை வந்துவிடும்.

கல்யாணமான முதல் வருஷமே எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டாகிவிட்டது. பேசி வைத்துக்கொண்டதில்லை, தானாக உண்டானது. ஒருநாள் அறுவை மில்காரர் ஒருவர் என்னவோ கேட்க, இவர் முழித்துக்கொண்டு நின்றார். கடைக்குப் பின்னால் சரக்கு அறையில் இருந்த நான் இருமினேன். "இருங்க, உள்ள இருக்கான்னு பாத்துட்டு வாரேன்" என்று உள்ளே வந்தார். என்ன கொடுக்க வேண்டும், ஏன் கொடுக்க வேண்டும் என்று காதில் சொன்னேன். வெளியே போய் அதை அட்சரம் பிசகாமல் சொன்னார். அண்ணாச்சியிடம் கேட்டால்தான் சரியாக இருக்கும் என்று மில்காரர் சந்தோஷமாக வாங்கிப் போனார். அதற்குப் பிறகு பதிமூன்று வருஷம் அதே கூத்துதான் நடந்தது. அறைக்குள் இருந்து நான் கேட்பேன், இருமுவேன், அவர் வருவார், நான் சொல்வேன், அவர் போய்ச் சொல்வார். சரக்கு அறைக்கும் கல்லாவுக்கும் ஏழு அடி தூரம். அந்த ஏழு அடிக்குள் என் படிப்பு அவர் படிப்பாகிவிடும்.

ஆரம்பத்தில் இது எனக்கு விளையாட்டாக இருந்தது. ரகசியமாக ஒரு பொம்மையை ஆட்டுகிற சந்தோஷம்கூட இருந்தது. அப்புறம் பழகிப்போனது. அப்புறம் வலிக்க ஆரம்பித்தது. எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது, சொன்னால் சிரிப்பார்கள். நாலு பேர் நிற்கும்போது ஒரே ஒருதடவை அவர் என்னைக் கையைக் காட்டி, இவதான் சொன்னா என்று சொல்ல வேண்டும். நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை, இதைத்தான் கேட்டேன். ஒருநாள் வெட்கத்தை விட்டு வாய்திறந்தே கேட்டேன். சொன்னால் யார் நம்புவார்கள், வியாபாரம்தான் கெட்டுப்போகும் என்றார். அதில் உண்மை இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் விலையைத்தான் முதலில் கேட்பார்கள். இருக்கிறதிலேயே கம்மியாக ஒன்று கொடுங்கள் என்பார்கள். அதில் தப்பில்லை. எந்த இடத்தில் கம்மி பண்ணலாம், எந்த இடத்தில் பண்ணக் கூடாது என்று தெரிந்திருந்தால் போதும். ஒரு செயினுக்கு இரண்டு சக்கரம். மோட்டார் பக்கம் சின்னது, மிஷின் பக்கம் பெரியது. சின்னதில் பதினைந்து பல், பெரியதில் நாற்பத்தைந்து பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியது ஒரு சுற்று வருவதற்குள் சின்னது மூன்று சுற்று சுற்றிவிடும். பெரிய சக்கரத்தின் பல் ஒரு அடி வாங்குகிற நேரத்தில் சின்னச் சக்கரத்தின் பல் மூன்று அடி வாங்கும். அதனால் சின்னதை நல்ல ஸ்டீலில், பல்லுக்கு ஹார்டனிங் கொடுத்ததாக, அதாவது சூடேற்றிக் கெட்டிப்படுத்தியதாகப் பார்த்து வாங்க வேண்டும். பெரியதில் காஸ்டிங் போட்டு மிச்சம் பிடிக்கலாம். காஸ்டிங் என்பது இரும்பை உருக்கி அச்சில் ஊற்றியது. விலை குறைவு, நிதானமாக ஓடுகிற இடத்தில் வருஷக்கணக்கில் நிற்கும், ஆனால் இடி வாங்கினால் துண்டாகத் தெறித்துவிடும். செயின் நீண்டுபோயிருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பழைய செயின் புதுப் பல்லைத் தின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம். சின்னது ஸ்டீல், பெரியது காஸ்டிங். இதை என் வீட்டுக்காரர் என் வாயிலிருந்து எத்தனையோ தடவை வாங்கிப் போய் எத்தனையோ பேரிடம் ஒப்பித்திருக்கிறார். ஒருதடவைகூட அவர் மண்டையில் தங்கியதில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின சீசனில், ஆய்க்குடிப் பக்கம் நார் மில் வைத்திருக்கும் ஒருவர் காலை ஒன்பது மணிக்கே கடைக்கு வந்தார். ஐம்பது வயசிருக்கும். வயல், தோப்பு எல்லாம் உள்ள குடும்பம், மில்லை ஒரு கௌரவத்துக்காக வைத்திருப்பது போலப் பேசுவார். தேங்காய் உரித்த மட்டையை எங்கள் பக்கம் கதம்பை என்போம். அந்தக் கதம்பையை மிஷினில் போட்டு நசுக்கி நாராக்குகிற தொழில். உரச்சாக்குக்குள் கையை விட்டுப் பழைய சின்னச் சக்கரம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பதினைந்து பல்லும் நாய்க் கோரைப்பல் மாதிரி வளைந்திருந்தன. அதுவும் இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தன. ஒரு பக்கம் தேய்ந்ததும் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கமும் தேயும்வரை ஓட்டியிருக்கிறார் என்று பார்த்த உடனே தெரிந்தது. நான் அதைச் சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. கஞ்சத்தனத்தைக் கண்டுபிடித்துச் சொன்னது ஒரு பொம்பளை என்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு என்ன தைரியமோ, அவர் வந்ததும் இருமிச் சொல்லலாம் என்று காத்திருக்காமல் நானே நேராகப் பேசினேன். கதம்பை மிஷின் இடித்து இடித்து ஓடும், சின்னதைக் கண்டிப்பாக ஸ்டீலில் போடுங்கள், பெரியதும் தேய்ந்திருந்தால் அதைக் காஸ்டிங்கில் எடுத்துக்கொள்ளுங்கள், செயினையும் மாற்றிவிடுங்கள் என்றேன். செயினுக்கு மேலே மூடி இருக்கிறதா என்றும் கேட்டேன். மூடி இருந்தால் எண்ணெய் விடத் தோதுப்படாது, கழற்றிப் போட்டு நாலு வருஷமாகிறது என்றார். மிஷினுக்குக் கதம்பை போடுகிறது யார் என்றேன். நாலு பொம்பளைகள் நின்று போடுகிறார்கள் என்றார். அது வரைக்கும் பதில் சொன்னவர், அதற்குமேல் என்னைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீ சொல்லுதது எல்லாம் சரி. நான் அண்ணாச்சி வந்ததும் கேட்டுக்கிடுதேன்."

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பேரிங் வாங்க வந்த கடையநல்லூர்க்காரர் ஒருவரும், குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி ஒருவரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். நான் சொன்னதை அவர்களிடம் அவர் நடித்துக் காட்டினார். என் குரலில், கையை ஆட்டி ஆட்டி, சின்னச் சக்கரம் மூணு சுத்து, பெரிய சக்கரம் ஒரு சுத்து என்றார். மேஸ்திரி சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினார். நான் நாலடி தள்ளி நின்று ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் காது இருக்கிறது என்று அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை.

பதினொரு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்தார். கண் சிவந்து, தலை ஈரம் காயாமல், மேலெல்லாம் எண்ணெய் வாசத்தோடு, அருவியைக் கூடவே கூட்டி வந்தவர் போல வந்தார். நார் மில்காரர் எழுந்து நின்றார். உங்கள் வீட்டில் எனக்கு ஒன்பது மணியிலிருந்து பாடம் நடக்கிறது என்றார். இவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"அவளுக்கு என்ன தெரியும் அண்ணாச்சி. சாம்பாருக்கு உப்பு போடவே என்னைக் கேக்குதவ."

மூன்று பேரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நான் சரக்கு அறைக்குள் போய்விட்டேன். இருமவில்லை. கொஞ்ச நேரம் வெளியே பேச்சு நடந்தது. பிறகு இருப்பைப் பார்த்து வருகிறேன் என்று அவரே உள்ளே வந்தார். வெளியே சிரித்த சிரிப்பு அப்படியே முகத்தில் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு வர வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அந்தச் சிரிப்போடே குனிந்து, "என்னட்டி குடுக்க?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். "சின்னது காஸ்டிங் குடுங்க. பெருசு ஸ்டீல். செயின் பழசே போதும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். எனக்குக் குளிர்ந்த மோர் குடித்த மாதிரி வயிற்றுக்குள் ஒரு நிம்மதி இறங்கியதுதான் நிஜம். வெளியே அவர் நல்ல குரலில் ஆரம்பித்தார். பெரிய சக்கரத்தில்தான் பல் அதிகம், பாரம் தாங்குவது அதுதான், அதை ஸ்டீலில் போடுங்கள், சின்னதற்கு எதற்கு வீண் செலவு என்றார். காரணமெல்லாம் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவராகவே சேர்த்துக்கொண்டார். நார் மில்காரர் அறை வாசலுக்கு வந்து நின்ற என் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பது போல ஒரு பார்வை பார்த்தார்.

எங்களிடம் சின்ன அளவில் காஸ்டிங் சக்கரம் கொஞ்சம் கிடந்தது. மூடிப்போன ஒரு கடையிலிருந்து மொத்தமாக வாங்கிய சரக்கில் வந்தது. மெதுவாக ஓடுகிற சின்ன சாமான்களுக்கு மட்டும் நான் எடுத்துக் கொடுப்பேன். ஸ்டீலுக்கும் அதற்கும் ஒரே சில்வர் பெயின்ட், ஒரே கனம். ஸ்பேனரால் தட்டினால்தான் வித்தியாசம் தெரியும். ஸ்டீல் மணி மாதிரி கேட்கும், காஸ்டிங் டொக்கென்று நின்றுவிடும். என் வீட்டுக்காரர் வழக்கம்போல அதை மோதிரத்தால் தட்டினார். டொக்கென்றது. திருப்தியாகத் தலையாட்டி, தாளில் சுற்றிக் கொடுத்தார்.

மறுநாளே ஒரு ஃபோன் போட்டுச் சொல்லியிருக்கலாம். ரசீதில் நம்பர் இருந்தது. கையில் எடுக்கவும் எடுத்தேன், வைத்துவிட்டேன். பல் உடைய வேண்டும், மில்காரர் வந்து நாலு பேர் முன்னால் இவரைக் கிழி கிழி என்று கிழிக்க வேண்டும், அதை நான் சரக்கு அறையில் நின்று கேட்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். மூடி இல்லாத செயினுக்குப் பக்கத்தில் நாலு பெண்கள் நிற்பது எனக்குத் தெரியும். கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டவளே நான்தான். ஆனால் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டே அதை நினைக்காமல் இருக்க முடியும் என்று அந்த ஒன்பது நாளில் கற்றுக்கொண்டேன். ராத்திரி நன்றாகத் தூங்கினேன். இவர் அருவிக்குப் போனார், வந்தார். சாம்பாருக்கு உப்பு நான் யாரையும் கேட்காமல்தான் போட்டேன்.

ஒன்பதாவது நாள் மலையில் பலத்த மழை. அருவிகளில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். அதனால் இவர் காலையிலேயே கடையில் இருந்தார். பத்து மணி வாக்கில் அதே உரச்சாக்கோடு நார் மில்காரர் வந்தார். சாக்கை மேசைமேல் கவிழ்த்தார். சக்கரத்தில் நாலு பல் இல்லை. உடைந்த இடம் சர்க்கரைக் கட்டியை உடைத்தது போலப் பொடிப்பொடியாகத் தெரிந்தது. காஸ்டிங் அப்படித்தான் உடையும். கூடவே அறுந்துபோன பழைய செயின்.

கடையில் அப்போது வேறு இரண்டு பேரும் நின்றார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவர் கத்தினார். நேற்று மத்தியானம் பல் தெறித்திருக்கிறது, செயின் மேலே ஏறி இழுத்துக்கொண்டு அறுந்திருக்கிறது, அறுந்த நுனி வீசி, கதம்பை போட்டுக்கொண்டிருந்த பொம்பளையின் மணிக்கட்டில் அடித்திருக்கிறது. இரண்டு எலும்பு முறிந்துவிட்டது, பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். இதைச் சொல்லி முடித்த மூச்சிலேயே, கேரளத்துக்குப் போக வேண்டிய லோடு நின்றுவிட்டது என்றார். இரண்டில் எது அவருக்குப் பெரிய நஷ்டம் என்று குரலிலேயே தெரிந்தது. அந்த மணிக்கட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒன்பது நாளாக என் கண்ணுக்குப் பின்னால் அதுதான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் சக்கரத்தை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, சரக்கு அறை வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். பதிமூன்று வருஷத்தில் நான் ஒருதடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. அது அவருக்குத் தெரியும். நான் தவறிப்போய்ச் சொல்லவில்லை என்பதும் அந்த ஒரு பார்வையில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் முட்டாள் இல்லை, சோம்பேறி மட்டும்தான். கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"இவதான் சொன்னா."

இந்த வார்த்தைக்கு நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன். எந்தச் சேலை கட்டியிருப்பேன், கேட்டதும் எப்படிக் குனிந்துகொள்வேன் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வார்த்தை அப்படியே வந்தது, ஓர் எழுத்துகூட மாறவில்லை. நாலு பேர் முன்னால்தான் சொன்னார். நான் சரியாகச் சொன்னதெல்லாம் அவருடையது. தப்பாகச் சொன்ன ஒன்றே ஒன்றுதான் என் பெயரில் வந்து சேர்ந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதன்முதலாகப் பார்த்தார்கள் என்றே சொல்லலாம். எனக்கு இரண்டு வழிதான் இருந்தது. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொன்னால் விஷயம் முடிந்துவிடும், ஆனால் காலம் முழுக்க நான் ஒன்றும் தெரியாதவள். தெரிந்தே சொன்னேன் என்றால் நான் பாவி, ஆனால் தெரிந்தவள். ஒரு பெண்ணின் கை முறிந்து கிடக்கிற நேரத்தில்கூட என் மனசு இந்தக் கணக்கைத்தான் போட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

"ஆமா, நான்தான் சொன்னேன். தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன். சின்னதுலதான் ஸ்டீல் போடணும்னு அன்னைக்கு உங்ககிட்டயே சொன்னேன்லா அண்ணாச்சி" என்றேன்.

நார் மில்காரர் சிரித்தார். கோபத்தோடு வந்த மனுஷனுக்கு அந்தச் சிரிப்பிலேயே பாதிக் கோபம் போய்விட்டது.

"விடுங்க அண்ணாச்சி. ரோஷத்துல பேசுதா. சின்னது பெருசுன்னு நாக்கு மாறியிருக்கும். பொம்பளையாளு, இதுல போயி தெரிஞ்சு என்ன செஞ்சிருக்கப் போறா."

நின்ற இரண்டு பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர், பாவம், பயந்துபோயிருக்கிறார்கள், தண்ணி குடிக்கச் சொல்லுங்கள் என்றார். நான் ஒரு பாவத்தைச் செய்தேன் என்று வாயால் சொல்லியும் அது என்னால் முடியும் என்று ஒருவரும் நம்பவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்க ஒரு நிமிஷம் பிந்தினார். அந்த ஒரு நிமிஷம் அவர் கண் என்மேலேயே இருந்தது. பிறகு அவரும் சிரித்தார். உள்ளே வந்தார், என்னைத் தாண்டி அலமாரிக்குப் போய், தானாகவே ஸ்டீல் சக்கரத்தை எடுத்தார். ஸ்பேனரால் தட்டி, மணிச்சத்தம் கேட்டதும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். "சின்னதுக்குச் செலவு பண்ணணும் அண்ணாச்சி, பெருசுலதான் மிச்சம் பிடிக்கணும். அது ஒரு சுத்து சுத்துததுக்குள்ள இது மூணு சுத்து சுத்தும்லா" என்று விளக்க ஆரம்பித்தார். என் வார்த்தை, என் வரிசை. இத்தனை வருஷமும் எல்லாம் அவர் மண்டையில் தங்கித்தான் இருந்திருக்கிறது. எடுக்கச் சோம்பல்பட்டுத்தான் என்னிடம் வந்துகொண்டிருந்திருக்கிறார்.

அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னை நிமிர்ந்து பார்க்காமல் ஒன்று சொன்னார். திட்டவில்லை, ஏன் செய்தாய் என்று கேட்கவும் இல்லை. "இனிமே நீ இரும வேண்டாம்" என்றார். அதோடு அந்த ஏற்பாடு முடிந்தது.

இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் விசாரித்து, அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். ஆய்க்குடி தாண்டி ஒரு வரிசை வீடு. முப்பத்தைந்து வயசிருக்கும். இடது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. வாசலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையால் வெங்காயத்தை முழங்காலோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் இடத்தில் மறுநாளே வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். கை சரியானாலும் முன்னைப் போல வேகமாகக் கதம்பை போட முடியுமா என்று தெரியவில்லை, டாக்டரும் நிச்சயமாகச் சொல்லவில்லை என்றாள். சொல்லும்போது அழவில்லை. வெங்காயத்துக்குக் கண் கலங்கியதை மட்டும் தோளில் துடைத்துக்கொண்டாள். எந்தக் கடை என்று சொன்னதும், அண்ணாச்சி கடை அக்காவா என்று எழுந்து நாற்காலியை இழுக்கப் போனாள். நான் தடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் மனசில் தயார் செய்துகொண்டு போன வார்த்தை இருந்தது. கையில் பிடித்திருந்த பழப் பையைக் கீழே வைத்துவிட்டு அதைச் சொன்னேன். உடைந்த அந்தச் சக்கரத்தைக் கொடுக்கச் சொன்னது நான்தான், என்னால்தான் உனக்கு இந்தக் கதி என்றேன். அவள் வெங்காயத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன். அவள் முகத்தில் இரக்கம்தான் வந்தது. முறியாத கையால் என் முழங்கையைத் தொட்டாள்.

"நீங்க என்னக்கா செய்வீங்க? உங்களுக்கு அதெல்லாம் தெரியாதுல்லா."

தெரியும் என்ற சொல் என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கடையில் அத்தனை ஆண்கள் முன்னால் கத்திச் சொன்ன சொல்தான். இங்கே கேட்பதற்கு ஒருத்தி இருந்தாள், நம்பக்கூடியவளாகவும் இருந்தாள். நம்பிவிடுவாளோ என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் கை இன்னும் என் முழங்கையில்தான் இருந்தது.

"ஆமா, தெரியாது" என்றேன்.